பதினொன்று எட்டு

கிண்டியில் எங்கள் ஆய்வுக்கூடம்
தரைக்கும் ஒரு மாடி கீழே.
மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும்.
ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் வெள்ளைத் தூண்
எலக்ட்ரான் நுண்ணோக்கி. இரவில் அது என் பொறுப்பு.

உச்சியில் ஓர் ஊசிமுனை.
இரண்டு லட்சம் வோல்ட் பிடித்துத் தள்ள
ஒளியின் வேகத்தில் பத்தில் ஏழு பங்கோடு
எலக்ட்ரான் ஒன்று இறங்கி வருகிறது.
அது வந்து சேர்ந்த பிறகே அடுத்தது கிளம்பும்.
முண்டியடிப்பு கிடையாது.
எங்கள் ரேஷன் கடையில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

வழியில் குறுக்கே ஒரு கம்பி,
தலைமுடியில் நூறில் ஒரு பங்கு.
இடப்பக்கம் போகுமா, வலப்பக்கமா?
திரையில் ஒரு புள்ளி.
எங்கோ தள்ளி இன்னொரு புள்ளி.
மொட்டைமாடிச் சிமெண்ட்டில் முதல் தூறல் மாதிரி
எதற்கும் எதோடும் சம்பந்தமில்லை.
டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால்
வரி வரியாய்
வெளுப்பு கறுப்பு வெளுப்பு கறுப்பு.
தனியே வந்த ஒவ்வொன்றும்
இரண்டு பக்கமும் அலையாய்ப் போய்
தன்னையே எதிரில் சந்தித்திருக்கிறது.
பதினோரு வருடமாகப் பார்க்கிறேன்.
இன்னும் பழகவில்லை.

தொல்லை இரவு பதினொன்று எட்டுக்கு.
வரிகள் நடுங்கும். நாற்பது விநாடி.
தரை அதிர்கிறதென்று ரப்பர் வைத்தோம்.
எபிநேசர் ஒரு செம்புச்சுருளைக் கட்டிக்கொண்டு
மூன்று ராத்திரி உட்கார்ந்து கண்டுபிடித்தார்:
மேலே பாலத்தில் போகும் கடைசி மெட்ரோ.
அது கம்பியிலிருந்து இழுக்கும் மின்னோட்டம்
காந்தப்புலமாய் விரிந்து
சுவரைக் கேட்காமல் மண்ணைக் கேட்காமல்
உள்ளே வந்து
ஓர் எலக்ட்ரானின் தோளை லேசாகத் தொடுகிறது.
பதிவேட்டில் எழுதினேன்:
23:08. வெளிப்புலம். படம் பயனில்லை.

எழுதாமல் விட்டது:
வாரத்தில் நாலு நாள் அந்த வண்டியை ஓட்டுபவள்
நித்திலா. என் தங்கை.
வியாசர்பாடி வீட்டை விற்ற அன்று
அவள் பங்கைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னேன்.
அதை இங்கேயும் எழுதப்போவதில்லை.
பதினாலு மாதமாகப் பேச்சில்லை.
பொங்கலுக்கு ஒரு வாழ்த்துப்படம் வந்தது,
எல்லாருக்கும் அனுப்பியதில் ஒன்று.

மற்ற நாளில் எந்திரமே ஓட்டிக்கொள்ளுமாம்.
மழை என்றால் தண்டவாளம் வழுக்கும்,
கையால்தான் ஓட்ட வேண்டும் என்பாள் முன்பு.
மற்றவர்கள் பிரேக்கை ஒரே அமுக்காய் அமுக்குவார்கள்.
அவள் மூன்று தவணையாக,
டிவிஎஸ் ஃபிஃப்டி ஓட்டக் கற்ற நாளிலிருந்தே அப்படி.
மழை ராத்திரியில் என் வரிகள்
மூன்று முறை அசைந்து நிற்கும்.

போன மாதம் புலநீக்கி வந்தது.
ஒன்பது லட்சம், ஜிஎஸ்டி தனி.
அறையின் ஆறு முகத்திலும் செம்பு.
வெளியிலிருந்து எது வந்தாலும்
அதற்கு நேரெதிராய் ஒன்றைச் செய்து
இல்லை என்று ஆக்கிவிடும்.
பதினொன்று எட்டு வந்தது, போனது,
ஒரு வரியும் அசையவில்லை.
எபிநேசர் கைதட்டினார். மாணவர்கள் தட்டினார்கள்.
நானும் தட்டினேன்.

நேற்று ஆரஞ்சு எச்சரிக்கை.
எல்லாரும் ஏழு மணிக்கே கிளம்பிவிட்டார்கள்.
பதினொன்று ஐந்துக்குப் புலநீக்கியை நிறுத்தினேன்.
எட்டு ஆயிற்று. பத்து. பன்னிரண்டு.
வரிகள் கோடு போட்ட நோட்டுப் போல் கிடந்தன.
வேளச்சேரி சாலையில் தண்ணீர் என்று
மாலையிலேயே செய்தி பார்த்திருந்தேன்.
பாலத்தில் என்ன தண்ணீர் நிற்கப்போகிறது
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பதினாறுக்கு
ஒரு நடுக்கம்.
இன்னொன்று.
மூன்றாவது வந்ததா, என் கை நடுங்கியதா,
சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

23:16. மழை. வண்டி தாமதம். வரிகள் அசைந்தன.
பயன் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

இத்தனை செம்புக்கு நடுவில்
போனுக்கு சிக்னல் வராது.
படியேறினேன்.
ஐந்தாம் படியில் ஒரு கோடு.
திரும்பும் இடத்தில், ஈரக்காற்று முகத்தில் அடிக்க,
இரண்டு.